சர்வர் இல்லாத ஆபீஸ் நெட்வொர்க்: எது நின்றால் எங்கே பார்ப்பது

மும்பையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் நம் ஆட்கள் நடத்தும் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். தோல் பைப் பட்டறை, மொத்த விலைக் கடை, கணக்கு எழுதும் ஆபீஸ் என்று எங்கே போனாலும் அமைப்பு ஒன்றுதான். நாலு முதல் எட்டு சிஸ்டம், நடுவில் எல்லாக் கேபிளையும் இணைக்கும் ஒரு ஸ்விட்ச், ஃபைல்களை எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் தனி மிஷினான சர்வர் கிடையாது. ஒருவர் சிஸ்டத்தில் டாலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா, இன்னொருவர் சிஸ்டத்தில் பிரிண்டர், மூன்றாமவர் சிஸ்டத்தில் டிசைன் ஃபைல்கள். எல்லோரும் எல்லோருக்கும் ஷேர் கொடுத்திருப்பார்கள், அதாவது தன் ஃபோல்டரை மற்றவர்கள் நெட்வொர்க் வழியாகத் திறக்க விட்டிருப்பார்கள். பாடப் புத்தகத்தில் இதற்குப் பியர் டு பியர் நெட்வொர்க் என்று பெயர். விண்டோஸ் இதை ஒர்க்குரூப் என்கிறது. லேமிங்டன் ரோட்டில் ஒரு ஸ்விட்ச்சும் ஒரு பெட்டி கேபிளும் வாங்கி வந்தால் ஒரே பகலில் போட்டு முடித்துவிடலாம். செலவு குறைவு என்பதால் எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

“தம்பி, நெட்வொர்க் போயிடுச்சு” என்று போன் வந்தால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “அந்த ஃபைல் யார் சிஸ்டத்துல இருக்கு அண்ணாச்சி?” பாதி நேரம் பதில் வராது. “எல்லார் சிஸ்டத்துலயும் தெரியுமே” என்பார்கள். தெரிவது எல்லோருக்கும், இருப்பது ஒருவர் மேசையில். ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் மிஷினையே மற்றவர்களுக்குக் கிடங்காகவும் வைத்திருக்கிறோம். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் கீழே படிப்பதற்கு முன் ஒரு தாளில் எந்த ஃபோல்டர், எந்த பிரிண்டர் யார் மேசையில் இருக்கிறது என்று எழுதி ஸ்விட்ச் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் இதில் ஒரு படியும் ஒழுங்காக நகராது.

“நேற்று வரை தெரிந்தது, இன்று அந்த சிஸ்டம் நெட்வொர்க்கிலேயே இல்லை”

அந்த மிஷின் ஓடுகிறதா, தூங்குகிறதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். திரை அணைந்திருப்பதும் மிஷின் தூங்குவதும் வேறு வேறு. வாங்கியபடியே விட்ட விண்டோஸ், கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் ஸ்லீப்புக்குப் போய்விடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஷேர் அறுந்தால் காரணம் அநேகமாக இதுதான். ஃபைல் இருக்கும் சிஸ்டத்தில் பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வையுங்கள். லேப்டாப் என்றால் மூடியை மூடினாலும் தூங்காதபடி மாற்ற வேண்டும்.

மிஷின் விழித்திருக்கிறது என்றால் அதன் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை, தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிள், ஸ்விட்ச் போர்ட், ரௌட்டர் என்று அந்த வரிசையில் போங்கள். மற்ற மிஷின்கள் 192.168.1 என்றும் இது 192.168.0 என்றும் இருந்தால் இது வேறொரு ரௌட்டரின் வைஃபையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. புது இன்டர்நெட் இணைப்பு போட வந்தவர் தன் ரௌட்டரை வைத்துவிட்டுப் போன மறுநாள் இந்தக் கோளாறு வரும். பழைய ரௌட்டரும் ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்திருப்பார்கள். கெஸ்ட் வைஃபையில் சேர்ந்த மிஷினும் மற்றவற்றைப் பார்க்காது. அதன் வேலையே அதுதான்.

எண்கள் சரியாக இருந்தால் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று அந்த மிஷினின் எண்ணை நேராக அடித்துப் பாருங்கள். ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். மிஷினின் காவல் மென்பொருளான பயர்வால் பிங்கை மறித்துவிட்டு ஃபைலை மட்டும் விடுவதும் உண்டு. எண் போட்டால் திறந்து, பெயர் போட்டால் திறக்கவில்லை என்றால் கோளாறு பெயரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. சர்வர் உள்ள இடத்தில் பெயருக்கும் எண்ணுக்கும் ஒரே இடத்தில் பதிவேடு இருக்கும். இங்கே ஒவ்வொரு மிஷினும் “நான் இருக்கிறேன்” என்று தானே கூவ வேண்டும், மற்றவை அதைக் கேட்க வேண்டும். அந்தக் கூவலை நம்பாமல், ஃபைல் இருக்கும் சிஸ்டத்துக்கு ரௌட்டரில் நிலையான ஐபி ஒன்றை ஒதுக்கி, எல்லோருடைய மேப் டிரைவையும் (ஷேரை ஒரு டிரைவ் போலக் காட்டும் குறுக்குவழி) அந்த எண்ணிலேயே போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை, பல மாதத் தொல்லை போகும்.

எண் போட்டும் திறக்கவில்லையா? நெட்வொர்க் புரொஃபைலைப் பாருங்கள். ரௌட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது இடம் என்று எடுத்துக்கொண்டு ‘பப்ளிக்’ என்று போட்டுவிடும். ரயில் நிலைய வைஃபையில் எப்படி ஒளிந்துகொள்ளுமோ அப்படியே உங்கள் ஆபீஸிலும் ஒளிந்துகொள்ளும். ‘பிரைவேட்’ என்று மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரியையும் ஃபைல் ஷேரிங்கையும் ஆன் செய்யுங்கள். ஆன் செய்தும் நெட்வொர்க் ஜன்னலில் பெயர் வரவில்லை என்றால், சர்வீசஸ் பட்டியலில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கி ஓடவிடுங்கள்.

இந்த இடத்தில் யாராவது வந்து, “எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு, எல்லாம் தெரியும்” என்பார்கள். எஸ்எம்பி 1 என்பது விண்டோஸின் பழைய ஃபைல் ஷேரிங் முறை. தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய ஷேரிங் முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு இலையுதிர் கால விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதும் நின்றுவிட்டது. இன்னும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் ஒரு மிஷினுக்காக எட்டு மிஷினின் கதவையும் திறந்து வைப்பது நியாயமில்லை. அந்த எக்ஸ்பியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, பென் டிரைவில் வேலை பாருங்கள்.

“யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கிறது, எது போட்டாலும் ஏற்கவில்லை”

இதில் ஆட்கள் செய்யும் முதல் தவறு பின் எண்ணைப் போடுவது. நாலு இலக்கப் பின் அந்த மிஷினில் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வருபவர் முழுப் பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் எந்த மிஷினுடைய பாஸ்வேர்ட்? நீங்கள் உட்கார்ந்திருக்கும் மிஷினுடையது இல்லை, ஃபைல் இருக்கும் மிஷினுடையது. அந்த மிஷின்காரர் போன வாரம் தன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், மற்ற எல்லோரும் இன்று வெளியே நிற்பார்கள்.

சரியான வழி: ஃபைல் இருக்கும் சிஸ்டத்தில் ஷேருக்கென்றே தனியாக ஒரு லோக்கல் யூசர் போடுங்கள். பாஸ்வேர்ட் வையுங்கள். அந்த யூசருக்கு அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் அனுமதி கொடுங்கள். பிறகு மற்ற மிஷின்களில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் க்ரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பழையதை அழிக்காமல் விட்டால் விண்டோஸ் அதையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பிறகு பழைய நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் நேராகச் சேரும் டிஸ்க் பெட்டி), ரௌட்டரில் சொருகிய டிஸ்க்கோ திறக்காமல் போனால் காரணம் வேறு. பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்ட்டாக நுழைவதை புரோ பதிப்பு இப்போது மறுக்கிறது, போக வரும் தகவலில் டிஜிட்டல் கையொப்பமும் கேட்கிறது. நாஸில் ஒரு யூசரைப் போட்டுப் பாஸ்வேர்டுடன் நுழையுங்கள், அதன் மென்பொருளையும் புதுப்பியுங்கள்.

இந்த வேலையின் கணக்கைப் பாருங்கள். ஐந்து மிஷின், ஆறு ஆள். எல்லோரும் எல்லா மிஷினையும் தொட வேண்டும் என்றால் ஒழுங்காகச் செய்ய முப்பது யூசர் கணக்கு வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஐந்து மிஷினிலும் ஏறி இறங்கி அழிக்க வேண்டும். யார் செய்கிறார்கள்? ‘பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்’ என்பதை ஆஃப் செய்துவிட்டு, ‘எவ்ரிஒன்’ என்பதற்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதன் விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

“பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கிறது, தாள் வரவில்லை”

பிரிண்டர் சொருகியிருக்கும் சிஸ்டம் அணைந்திருக்கும். அதை ஆன் செய்யுங்கள், முடிந்தது. பிழை எண் 11பி என்று முடிந்தால், அது 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு வரத் தொடங்கியது. பிரிண்டிங் வழியாக நுழையும் ஓட்டையை அடைத்தபோது பழைய மிஷினும் புது மிஷினும் பேச்சை நிறுத்திக்கொண்டன. இரண்டு பக்கமும் அப்டேட்டை முழுதாகப் போடுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கினால் பிரிண்ட் வந்துவிடும் என்று சொல்லித்தருவார்கள். வரும், அடைத்த ஓட்டையும் திறக்கும். பிரிண்டரில் நெட்வொர்க் போர்ட் இருந்தால் கேபிளை நேராக ஸ்விட்ச்சில் சொருகி, ஒவ்வொரு மிஷினிலும் ஐபி எண்ணால் சேருங்கள். யாருடைய தயவும் வேண்டாம்.

“ரொம்ப மெதுவாக இருக்கிறது”

எல்லோருக்கும் மெதுவா, ஒருவருக்கு மட்டுமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கேபிள். நெட்வொர்க் நிலையைத் திறந்து ஸ்பீட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஒரு கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எலி ஒரு கம்பியைக் கடித்துவிட்டால் எல்லா நேரமும் இணைப்பு அறுவதில்லை, சில நேரம் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஒரு ஜிபி ஃபைல் ஒரு கிகாபிட்டில் எட்டு ஒன்பது விநாடியில் போகும் என்றால் 100 மெகாபிட்டில் 80 விநாடிக்குக் குறையாமல் ஆகும். முனையில் புது பிளக்கை வைத்துக் கிரிம்ப் செய்யுங்கள், இல்லையென்றால் கேபிளையே மாற்றுங்கள்.

எல்லோருக்கும் மெதுவு என்றால் ஃபைல் இருக்கும் சிஸ்டத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் முப்பது டேப் திறந்து வைத்திருப்பார், வீடியோ ஒன்றும் ஓடும். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவருடைய மிஷின். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி போடுங்கள், இந்தக் கோளாறுக்கு நான் பார்த்ததில் இதைவிடப் பலன் தரும் செலவு கிடையாது.

“இதற்கு மேல் இணைப்பு ஏற்க முடியாது” என்று செய்தி வந்தால் அது மெதுவு இல்லை, வரம்பு. இப்போதைய விண்டோஸ் 10, 11 ஒரே நேரத்தில் 20 சாதனங்களுக்கு மேல் ஷேர் கொடுக்காது. எக்ஸ்பி புரோவில் அது 10. கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துபவர்கள் இதில் முட்டிக்கொள்வார்கள். இதைச் சுற்றிப் போக வழி தேட வேண்டாம், சர்வர் வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

“ஒரே எண்ணில் இரண்டு பில்”

இதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று யாரும் என்னிடம் சொல்வதில்லை. ஆடிட்டர் திட்டிய பிறகுதான் போன் வரும். எனக்கோ இந்த வகை நெட்வொர்க்கின் குறைகளில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

நடப்பது இப்படி. பில் எக்செல் ஷீட்டில் இருக்கிறது. ஒருவர் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். இரண்டாமவர் திறந்தால் ‘ரீட் ஒன்லி’ என்கிறது. கஸ்டமர் நிற்கிறார். அவர் அவசரத்துக்குத் தன் டெஸ்க்டாப்பில் ஒரு காப்பி எடுத்து அதில் பில் போட்டுவிடுகிறார். அன்றிலிருந்து அந்தக் கடைக்கு இரண்டு பில் புத்தகம். ஜிஎஸ்டி விதி 46 பில் எண் வரிசையாகவும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாகவும், 16 எழுத்துக்கு மிகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நம் கடையிலோ 214-ஆம் எண்ணில் இரண்டு பேர் சரக்கு வாங்கியிருப்பார்கள்.

எது கடைசிக் காப்பி என்று தேதியைப் பார்த்து முடிவு செய்ய நினைப்பீர்கள். அதற்கு முன் எல்லா மிஷினின் கடிகாரத்தையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்த மிஷின் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பழைய தேதிக்குப் போய்விடும். அதில் சேமித்த ஃபைல் இன்று எழுதியதாக இருந்தாலும் பல வருடப் பழசாகத் தெரியும். தேதியை நம்பி ‘பழையதை’ அழித்தவர் ஒருவர், நாலு நாள் பில்லைத் திரும்ப எழுதியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் எல்லா மிஷினிலும் அந்த ஃபைல் பெயரைத் தேடி, கிடைத்த காப்பிகளை எல்லாம் ஒரே ஃபோல்டரில் மிஷின் பெயருடன் சேருங்கள். எதையும் அழிக்க வேண்டாம். பில் பில்லாக ஒப்பிட்டு ஒரே பட்டியலாக்குங்கள். இரட்டை எண்களை என்ன செய்வது என்பதை உங்கள் ஆடிட்டர் சொல்லட்டும், நீங்களாக எண்ணை மாற்றாதீர்கள். அப்புறம் பில்லை எக்செல்லிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். பில் எண்ணைத் தானே கொடுக்கும் மென்பொருள் ஒன்று வேண்டும், அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

டாலி வைத்திருப்பவர்களுக்கு வேறு ஆபத்து. சில்வர் லைசென்ஸ் ஒருவருக்கானது, பல பேர் சேர்ந்து வேலை பார்க்க கோல்டு வேண்டும். டேட்டா ஒருவர் சிஸ்டத்தில் இருக்க, மூன்று பேர் நெட்வொர்க் வழியாக அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த சிஸ்டம் பட்டென்று அணைந்தால் பாதி எழுதிய வவுச்சர் நிற்கும். ஒரு மழைக்காலத்தில் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் கரண்ட் போனபோது மற்ற மிஷின்கள் யுபிஎஸ்ஸில் ஓடின. டேட்டா இருந்த மிஷினுக்குத்தான் யுபிஎஸ் இல்லை. அது கணக்குப் பார்க்கும் பெண்ணின் மிஷின், அவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். டேட்டா கெட்டால் எல்லோரையும் டாலியை மூடச் சொல்லுங்கள். டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். அதன் பிறகுதான் டாலி பிரைமின் டேட்டா மெனுவில் ரிப்பேர் போக வேண்டும். காப்பி எடுக்காமல் ரிப்பேர் செய்து, அதுவும் பாதியில் நின்றால் திரும்பிப் போக இடமில்லை. யுபிஎஸ் முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு ஸ்விட்ச்சுக்கும் டேட்டா இருக்கும் மிஷினுக்கும் என்பதே பதில், முதலாளி மேசை அப்புறம்.

“ஃபைல் பெயர்கள் எல்லாம் மாறிவிட்டன, எதுவும் திறக்கவில்லை”

படிப்பதை நிறுத்திவிட்டு ஸ்விட்ச்சையும் ரௌட்டரையும் அணையுங்கள். இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ என்று விட்டதன் விலை இதுதான். ஒருவர் மிஷினில் நுழைந்த வைரஸ், அந்த ஆளுக்கு எழுத அனுமதி உள்ள எல்லா ஷேரிலும் போய் எழுதும். பேக்கப் டிஸ்க்கை ‘பார்த்துவிடலாம்’ என்று சொருகாதீர்கள், அதுவும் போகும். எந்த மிஷினில் தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள். பூட்டப்பட்ட ஃபைல் ஒன்றின் பிராப்பர்ட்டீஸில் கடைசியாக யார் எழுதினார்கள் என்று ஓனர் பெயர் சில நேரம் சொல்லிவிடும். அந்த மிஷினைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே பேக்கப்பைத் தொட வேண்டும். சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, இன்னும் அதில் ஓடும் மிஷின் ஷேரில் இருந்தால் அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம்.

பேக்கப்? எட்டு மிஷினில் எட்டு இடத்தில் ஃபைல் இருந்தால் எட்டு பேக்கப் வேண்டும், யாரும் எடுப்பதில்லை. இரண்டு டிஸ்க் போடும் நாஸ் ஒன்று வாங்கி எல்லா ஷேரையும் அதற்கு மாற்றுவது என் முதல் ஆலோசனை. பணம் இல்லை என்றால் யாரும் உட்காராத பழைய மிஷின் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். நாஸில் ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கில் இருப்பது பேக்கப் ஆகாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். மாலையில் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகும் ஒரு டிஸ்க் வேண்டும், வாரத்துக்கு ஒரு முறையாவது.

“அவர் ஊருக்குப் போய்விட்டார், ஃபைலும் அவரோடு போய்விட்டது”

கோயில் கொடைக்கு லீவு போட்டு, தாதரில் ரயில் ஏறித் திருநெல்வேலி போகிறவர் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதில்தான் விலைப் பட்டியல் இருக்கும். போனில் பிடித்து, அந்த ஒரு ஃபைலை மெயிலில் அனுப்பச் சொல்லலாம். திரும்பி வந்ததும் அந்த ஷேரை லேப்டாப்பிலிருந்து மாற்றுங்கள், எடுத்துப் போகிற மிஷினில் பொது ஃபோல்டர் இருக்கவே கூடாது.

அவர் திரும்பி வராமல் வேலையை விட்டுவிட்டு, லேப்டாப்பை மட்டும் அனுப்பினால்? இதை இப்போதே பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் தொடங்கிய புது விண்டோஸ் 11 மிஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். மதர்போர்டு போனால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு மிஷினில் போட்டுப் படிக்க முடியாது, 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கீ அவருடைய சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடையின் டேட்டா, சாவி அவர் மெயிலில். செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஆன் என்று இருக்கும் ஒவ்வொரு மிஷினுக்கும் அவரை உட்கார வைத்து அந்த 48 இலக்கத்தை எடுத்து, தாளில் அச்சிட்டு, மிஷின் பெயரையும் எழுதி, கல்லாப் பெட்டிக்குள் வையுங்கள்.